பம்மலைத் தாண்டாத வண்டி

1. தாம்பரத்தில் எங்கள் பட்டறை வாசலில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.
2. சானடோரியம், குரோம்பேட்டை வழியாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.
3. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பியபோதும் சத்தம் சீராகவே இருந்தது.
4. பம்மலில், பாபு டீக்கடை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், இரண்டு முறை இருமியது.
5. டீக்கடை அருகே நின்றது.
6. பாபு தோளில் துண்டோடு இறங்கி வந்து, ஏதேதோ செய்து, "இப்ப அடி" என்றார். வண்டி கிளம்பியது.
7. மறுநாள் அதே வண்டி எங்கள் பட்டறைக்கு வந்து, நாள் முழுக்க நிற்காமல் ஓடிக் காட்டியது.

இந்த ஏழும் இதே வரிசையில் நடந்தன. ஒரே ஒரு தடவை நடந்திருந்தால் இதை எழுதும் தேவை வந்திருக்காது.

ஓய்வுபெற்றவர்களின் அனுபவங்களைக் கேட்டு வாங்கிப் போடும் பக்கம் இது. எனக்கு முன் எழுதியவர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆனாலும் ஓய்வு ஓய்வுதான். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின் கோளாறு கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து என் வலது முழங்கால் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எழுதச் சொன்னவர்கள், நான் படித்த கல்லூரியில் இப்போது ஆட்டோமொபைல் படிக்கும் பெண்கள். சமீபத்தில் அங்கே போயிருந்தேன். வண்டியில் ஒரு வயரைச் செருகினால் கோளாறு என்னவென்று லேப்டாப் திரையில் வந்துவிடும். அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, வயர் செருக இடமே இல்லாத வண்டியில நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"வண்டிக்காரர்கிட்ட கேள்வி கேட்போம்."

"அவர் தப்பா சொன்னா?"

"தப்பாத்தான் சொல்வார். அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கல்லூரியில் இருந்த இன்ஜினை நடுவில் வெட்டி, உள்ளே இருப்பது தெரிவதற்காகச் சிவப்பும் நீலமும் அடித்து வைத்திருந்தார்கள். அது ஓடவே ஓடாது. ஆகவே அதற்குக் கோளாறும் வராது. முதல் வேலை ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கிடைத்தது. பெண் என்பதால் வரவேற்பு மேசையில் உட்கார வைத்து, "வண்டி ரெடி சார்" என்று போனில் சொல்லச் சொன்னார்கள். பாதி நேரம் வண்டி ரெடியாக இருக்காது. அதை விட்டுவிட்டு மேற்குத் தாம்பரத்தில் கஜேந்திரன் அண்ணாவின் பட்டறைக்குப் போய் வேலை கேட்டேன். அவர் சான்றிதழ் எதையும் பார்க்கவில்லை. கரி படிந்த ஒரு ஸ்பார்க் பிளக்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இன்னா சொல்லுது?"

"பெட்ரோல் அதிகமா போகுது, காத்து பத்தலைன்னு சொல்லுது."

"நாளைக்கு வா. பழைய சுடிதாரா போட்டுகினு வா."

இன்ஜின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. ஓடவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று போய்ச் சேரவில்லை என்று பொருள். கல்லூரியில் இதோடு நிறுத்திவிடுவார்கள். பட்டறையில் நான்காவதாக ஒன்று உண்டு: வண்டிக்காரர்.

உதாரணத்துக்கு, சேலையூரிலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியாரைச் சொல்லலாம். "வண்டி நல்லாத்தான் ஓடுது, எப்பவாவது சும்மா நின்னுடுது" என்றார். எப்போதெல்லாம் என்று கேட்டால், மாடு குறுக்கே வந்தால் நிற்கிறது, ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால் நிற்கிறது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அடிக்கடி நிற்கிறது என்றார். அதாவது ஹாரன் அடித்தால் நிற்கிறது. பேட்டரியின் ஒரு வயர் தளர்ந்திருந்தது. ஹாரன் இழுக்கும் மின்சாரத்தில் தீப்பொறிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வயரை முறுக்கிக் கொடுத்தோம். அதுவரை ஹாரன் அடிக்காமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்டேன். "இந்த ரோட்டுல அது எப்படிம்மா தோணும்?" என்றார். நியாயமான பதில்.

கஜேந்திரன் அண்ணா வேலை பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

வண்டி வந்ததும் அண்ணா அதைத் தொடமாட்டார். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து கேள்வி கேட்பார். சூடான பிறகு நிக்குதா, காலையிலேயேவா? நின்னா உடனே கிளம்புதா, ஆறுனாத்தான் கிளம்புதா? நிக்கிறதுக்கு முன்னாடி இருமுதா, இல்ல சுவிட்ச் போட்ட மாதிரி அணையுதா? கோளாறு என்ற சொல்லை வண்டிக்காரர் முன்னால் பயன்படுத்தமாட்டார். "வண்டிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது", "வயிறு சரியில்ல", இப்படித்தான் சொல்வார். பிறகு வண்டிக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் அப்படியே தூங்கியும்விடுவார்.

அடுத்தது வாட்டர் வாஷ். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று அழுக்கு வண்டியில் தெரியாது என்பதால், கழுவாமல் எந்த வண்டியும் உள்ளே வராது. அதற்குப் பிறகு, மருத்துவமனையில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் பெட்ரோல் ஊற்றி, மேலே கொக்கியில் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் வழியாக நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு விடுவோம். டேங்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இன்ஜினைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடவிடலாம். எல்லாம் சரியானதும் டேங்க்கை மாட்டி, வண்டலூர் வரை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கொள்கை. ஒரே நேரத்தில் நான்கை மாற்றிவிட்டு, "பாத்தியா, ஓடுது" என்பது அண்ணாவின் கொள்கை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம்தான் அவருக்கு மிகவும் பிடித்த நேரம். கை கால் கழுவி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு வருவார். முதலில் டேங்க் நிரம்ப பெட்ரோல் ஊற்றுவார். நம்மிடம் வந்த வண்டியை அரை வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பார். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டுவார். கடைசியாகக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். இது வேலையெல்லாம் முடிந்த பிறகு நடப்பதால் யாரும் இதை வேலையில் சேர்த்ததில்லை. நானும்தான்.

இனி பொழிச்சலூர் ஏகாம்பரம் சார்.

அவர் குடும்பத்துக்கு அங்கே வயல்கள் இருந்தன. இப்போது வயல் இருந்த இடத்தில் கடைகள் இருக்கின்றன, வாடகை தானாக வருகிறது. காலையில் எழுந்து அவர் செய்தாக வேண்டிய வேலை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. அதனால் ஒரு பழைய பிரிட்டிஷ் வண்டியை வாங்கினார். ஒற்றை சிலிண்டர், கறுப்பு டேங்க், எழுபது வருடத்துக்கு மேல் வயது. அதைத் துடைப்பதும், ஓட்டுவதும், அது நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்வதும் அவருடைய நாட்களை நன்றாகவே நிரப்பின.

முதலில் அவர் எங்களிடம் வந்தது உண்மையான கோளாறோடுதான். சூடானதும் தடுமாறியது. கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கிழிந்து, கள்ளக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. புது கேஸ்கட் போட்டோம். நல்லபடியாக முடிந்த வேலை. கொடுக்கும் நாளில் அண்ணா சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது ஏகாம்பரம் சார் பதறிவிட்டார்.

"கஜா, டேங்க்குல புது பெயின்ட். ஹெட்லைட்டுல புது குரோம். குங்குமம் பட்டா கறையாயிடும்பா."

"பொட்டு வைக்காத எப்படிண்ணா வண்டிய அனுப்புறது?"

அண்ணா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, பெயின்ட்டும் இல்லாத புது குரோமும் இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வைத்தார். இரண்டு பேருக்கும் திருப்தி. ஏகாம்பரம் சார் கிளம்பிப் போனார். பம்மலில், டீக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது.

மறுநாள் வந்தது. கழுவினோம். குளுக்கோஸ் பாட்டிலில் நாள் முழுக்க ஓடியது. கார்புரேட்டரையும் டேங்க் அடியிலிருக்கும் வடிகட்டியையும் சுத்தம் செய்தேன். வண்டலூர் போய் வந்தேன். கடிகாரம் மாதிரி ஓடியது. திருப்பிக் கொடுத்தோம். இந்தத் தடவை சரியாக டீக்கடைக்கு எதிரே நின்றது.

மறுபடியும் வந்தது. கழுவினோம். தீப்பொறிக்கு வேண்டிய பிளக், அதன் வயர், கண்டென்சர் எல்லாம் புதிது போட்டோம். வண்டலூர் போய் வந்தேன். திருப்பிக் கொடுத்தோம். டீக்கடைக்கு முன்னாலேயே நின்றது.

ஒவ்வொரு தடவையும் பாபு வந்து கிளப்பி அனுப்பினார். ஏகாம்பரம் சார் இதை எங்களிடம் சொன்ன விதம் அண்ணாவைக் கொஞ்சம் புண்படுத்தியது.

"தப்பா நெனச்சிக்காத கஜா. அந்த பாபுக்கு கைராசி கீது. டீ ஆத்துற கையாலயே கெளப்பிட்டான்."

"அண்ணா, அப்ப வண்டிய அங்கயே வுட்டுருங்க. டீயும் வடையும் போட்டு அவரே சர்வீஸ் பண்ணட்டும்" என்றார் கஜேந்திரன் அண்ணா.

வண்டி ஏன் நிற்கிறது என்பது பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "அந்த பம்மல் வளைவுல கண்ணு ஜாஸ்திமா. வண்டி பளபளன்னு கீது, பாக்குறவன்லாம் வாயப் பொளந்துகினு பாக்குறான்" என்றார். அடுத்தடுத்த பூஜையில் எலுமிச்சம்பழம் பெரிதானது. சந்தனமும் தாராளமானது.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். நாங்கள் அதிகமாக வேலை பார்க்கப் பார்க்க, வண்டி சீக்கிரமாக நின்றது. எந்தக் கோளாறுக்கும் இப்படி ஒரு குணம் இருப்பதாக நான் படித்ததில்லை.

அடுத்த முறை வண்டியோடு ஏகாம்பரம் சாரின் மனைவி மல்லிகா அக்காவும் ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணா எழுந்து வாளியைக் கொடுத்தார். அக்கா உட்காரவில்லை.

"இன்னாமா, படிச்ச மெக்கானிக்கு நீதானா?"

"ஆமாக்கா."

"இந்த வண்டி வூட்டுக்கு வந்ததுலேர்ந்து இவரு ஓட்டுனத வுட தள்ளுனதுதான் ஜாஸ்தி. அனகாபுத்தூர்ல என் தங்கச்சி பொண்ணு கல்யாணம். பட்டுப்பொடவ கட்டிகினு பம்மல்லேர்ந்து நடந்தேன். மண்டபத்துக்குப் போறப்போ எல எடுத்துகினு இருந்தாங்க."

"அது அப்போ மல்லிகா" என்றார் ஏகாம்பரம் சார். "அந்த ரிப்பேரு வேற. இது வேற."

"நின்னா நின்னதுதான். ரிப்பேரு பேருலாம் எனக்கு எதுக்கு?"

பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான். அன்று வண்டி எடுக்க அக்காவே வருவார், பின்னால் உட்கார்ந்து வீடு வரை போவார். வழியில் ஓர் இடத்தில்கூட நிற்கக் கூடாது. நின்றால் அன்றே சாவி அந்தத் தம்பி கைக்குப் போய்விடும்.

"சிக்னல்ல நிக்கலாமா?" என்றார் ஏகாம்பரம் சார்.

"வண்டி நிக்கலாம். இன்ஜினு நிக்கக் கூடாது" என்றார் அக்கா. நான் முதலில் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில்கூட யாரும் இவ்வளவு தெளிவாகச் சோதனை விதி எழுதியதில்லை.

அக்கா அண்ணாவிடம் பேசப் போனதும் ஏகாம்பரம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். ஹேண்டில்பாரில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"மா, இது போச்சுன்னா காலைல எழுந்து நான் இன்னா பண்றது?"

"பார்க்கலாம் சார்" என்றேன். கோளாறு பிடிபடாதபோது மெக்கானிக்குகள் சொல்வது அதுதான்.

ஞாயிறு வரை அந்த வண்டியில் நான் தொடாத இடம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பட்டறையில் நிற்காத வண்டியைப் பட்டறையில் வைத்துப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று கடைசியில் முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் பின்னாலேயே போவது. நின்றால், பாபு என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

அன்று அக்கா கோயிலிலிருந்து சந்தனம் வாங்கி வந்திருந்தார். வண்டி வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தவர்தான். ஆனாலும் பூஜை பூஜைதான். அண்ணா அதையும் சேர்த்துக் குழைத்தார். டேங்க் நிரம்பியது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, கற்பூரம் எரிந்தது. நான் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்லாவரம் வரை அக்கா ஒரு கையால் ஏகாம்பரம் சாரின் தோளையும் மறுகையால் முந்தானையையும் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரும்பியதும் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தார். பம்மல் வந்தது. டீக்கடைக்கு வெகு முன்னாலேயே வண்டி இரண்டு முறை இருமி நின்றது. ஏகாம்பரம் சாரின் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

அக்கா இறங்கினார். செருப்பை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நடக்கத் தயார் என்று பொருள்.

பாபு அதற்குள் துண்டோடு நடந்து வந்துவிட்டார். "வா நைனா. இன்னிக்கு நம்ம கடை வரிக்கும் கூட வரலியா?"

"பாபு அண்ணா, ஒரு நிமிஷம்" என்றேன். "வழக்கமா என்ன செய்வீங்களோ, ஒன்னு ஒன்னா செய்யுங்க. ஒவ்வொன்னு முடிஞ்சதும் சார் ஒரு தடவை கிக் பண்ணட்டும்."

"இது இன்னாமா, பரிச்சையா? மொத்தமா செஞ்சாத்தான் பவரு."

"இன்னிக்கு மட்டும்ண்ணா."

பாபு முதலில் வண்டியை இடமும் வலமுமாக ஆட்டினார். கிக். கிளம்பவில்லை. பிளக் வயரைக் கழற்றி, துண்டால் பக்தியோடு துடைத்து மாட்டினார். இதுதான் தன் தொழில் ரகசியம் என்று முகத்தில் தெரிந்தது. கிக். கிளம்பவில்லை.

"துண்டு ஈரமா கீது, அதான்" என்றார்.

டேங்க்கின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். கிக். ஒன்றும் இல்லை. டீக்கடையிலிருந்த எல்லோரும் இப்போது சாலைக்கு வந்துவிட்டார்கள்.

"அவ்ளோதானா?"

"அப்பால பெட்ரோல் கீதான்னு மூடிய தொறந்து பாப்பேன். அது இன்னா, எல்லாரும் பாக்குறதுதான்."

"அதையும் செய்யுங்க."

பாபு டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். குக்கரிலிருந்து வருவது மாதிரி, ஆனால் வெளியே அல்ல, உள்ளே போகும் சத்தம். மல்லிகா அக்கா திரும்பிப் பார்த்தார். பாபு உள்ளே எட்டிப் பார்த்து, "ரொம்பி வழியுது" என்று மூடினார்.

"கொஞ்சம் பொறுத்து கிக் பண்ணுங்க சார்."

முதல் உதையில் கிளம்பியது.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பாபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க வேண்டுமென்றால், இறங்கிய அளவுக்குக் காற்று மேலிருந்து உள்ளே போக வேண்டும். அந்தக் காற்று போவதற்காக இந்த வண்டியின் மூடி நடுவில் ஒரு சின்னக் குழி, குழியின் அடியில் ஒரு ஊசித் துளை. பெயின்ட்டும் இல்லாத, புது குரோமும் இல்லாத அந்த மூடியின் நடுக்குழியில், அச்சில் வார்த்தது மாதிரி கச்சிதமாக, அண்ணாவின் சந்தனப் பொட்டு உட்கார்ந்திருந்தது. கோயில் சந்தனமும் சேர்ந்ததில் இன்று நல்ல கனம்.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வண்டியைக் கழுவித்தான் உள்ளே எடுப்போம், பொட்டு கரைந்துவிடும். பாட்டிலில் ஓட்டுவோம், டேங்க்குக்கே வேலையில்லை. வண்டலூர் போவேன்; மூடி சுத்தமாக இருக்கும். எல்லாம் முடிந்து, டேங்க்கை நிரப்பி, கடைசியாக நாங்களே அதன் மூச்சை அடைத்து அனுப்புவோம். நின்றதும் பாபு மூடியைத் திறப்பார், மூச்சு வரும், மிச்ச தூரம் வீடு வரை தாங்கும். மறுநாளைக்குள் சந்தனம் காய்ந்து வெடித்துக் காற்றுக்கு வழி விட்டிருக்கும், வண்டி எங்களிடம் நிற்காமல் வந்து சேரும். நின்றதால் அண்ணா சந்தனத்தைக் கூட்டுவார். கூட்டியதால் சீக்கிரம் நிற்கும்.

கோயில் சந்தனத்தால்தான் வண்டி நின்றது என்று அதை வாங்கி வந்தவரிடம் நடுச்சாலையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு ஊக்கு இருக்கா?"

அக்கா வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். மூடியைக் கழற்றித் துளையில் குத்தினேன். சந்தனம் திரி மாதிரி வெளியே வந்தது. மூடியை வானத்துக்கு நேராகப் பிடித்து அக்காவிடம் காட்டினேன். துளை வழியே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

அக்கா சந்தனத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூச்சு வுடுற எடமா இது?"

"ஆமாக்கா."

"ஒவ்வொரு வாட்டியும் இங்கதான் பொட்டு வெச்சானா?"

"ஆமாக்கா."

ஏகாம்பரம் சார் மெல்லக் கேட்டார்: "அப்போ வண்டி மேல தப்பு இல்லதானே மல்லிகா? இது கணக்குல வராதுல்ல?"

"நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சு."

அக்கா யோசித்தார். பாபு எல்லோரையும் கையமர்த்தினார். "கழுத்தப் புடிச்சிகினு ஓடச் சொன்னா எது ஓடும்" என்று அக்கா தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "திருப்புங்க. தாம்பரம் போவோம். அங்கேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து. இந்த வாட்டி நின்னா தம்பி கையில சாவி."

பட்டறையில் எங்களைப் பார்த்ததும் அண்ணா தலையை ஆட்டினார். "நின்னுச்சா? நெனச்சேன். இன்னிக்கு தேங்காவும் சுத்திடலாம்" என்று சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"கஜா" என்றார் மல்லிகா அக்கா, "அத மொதல்ல கீழ வை."

விஷயத்தைச் சொன்னேன். அண்ணா மூடியை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியே வெகு நேரம் பார்த்தார்.

"அந்தக் குழி பொட்டுக்கோசரம் வெச்சதுன்னு நெனச்சேன்மா. அளவு அவ்ளோ கரெக்டா இருந்துச்சு."

"காத்துக்குண்ணா."

"வெள்ளக்காரன் எல்லாத்துக்கும் எடம் வெச்சான். பொட்டுக்கு வைக்கல பாரு" என்றார். பிறகு வாளியில் உட்கார்ந்தார். "அப்போ இத்தினி நாளா நான்தான் அந்த ரிப்பேரா?"

ஏகாம்பரம் சார், "மனசுல வெச்சிக்காத கஜா, கேஸ்கட்டு சூப்பரா போட்டுருந்த" என்றார்.

பொட்டு இல்லாமல் வண்டியை அனுப்ப அப்போதும் அண்ணாவுக்கு மனம் வரவில்லை. அக்காதான் முடிவு செய்தார். நம்பர் பிளேட்டின் மூலையில் அவரே வைத்தார். நான் பக்கத்தில் நின்று, அங்கே எந்தத் துளையும் இல்லை என்று உறுதி செய்தேன்.

டேங்க்கை மறுபடி நிரப்பினோம். வண்டி கிளம்பியது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். பம்மலில் பாபு சாலையோரத்தில் துண்டை விரித்துப் பிடித்தபடி தயாராக நின்றார். வண்டி இருமவில்லை. அவரைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் வந்த என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "இன்னாமா, நிக்காமப் போறாரு? கோவமா?"

பொழிச்சலூர் வீட்டு வாசலில் சிறுசேரி தம்பி காபி டம்ளரோடு எழுந்து நின்றான். ஏகாம்பரம் சார் வண்டியை நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் எங்கே கிளம்பாமல் போய்விடுமோ என்ற பயம்.

"போதும், ஆஃப் பண்ணுங்க" என்றார் அக்கா.

"கெளம்பலன்னா?"

"கெளம்பும்."

அணைத்தார். அக்கா இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, அந்தத் தம்பியிடம் சொன்னார்: "சாப்ட்டுட்டுப் போ தம்பி. வண்டி விக்கிறதுக்கு இல்ல."

ஏகாம்பரம் சார் உடனே துணியை எடுத்து டேங்க்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

என் முழங்கால் கதை இதைவிடச் சிறியது. வேறொரு வண்டிக்காரர், இன்ஜின் டைமிங்கை வீடியோ பார்த்துத் தானே சரிசெய்துவிட்டதாகச் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் விலகி நின்றிருக்கலாம். நான் கிக் செய்தேன். தீப்பொறி நேரத்துக்கு முன்பே வந்து, கிக்கர் என்னைத் திருப்பி உதைத்தது. இனி எதையும் உதைக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒரு வாகன மென்பொருள் நிறுவனத்தில் உட்கார்ந்த இடத்தில் சோதனை வேலை. லேப்டாப்பில் வயர் செருகினால் கோளாறு திரையில் வருகிறது. திரை என்ன சொன்னாலும், கடைசியாக வண்டியைத் தொட்டவர் யார், என்ன செய்தார் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன். சக ஊழியர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது.

கஜேந்திரன் அண்ணா இன்னும் மேற்குத் தாம்பரத்தில்தான் இருக்கிறார். பொட்டு நம்பர் பிளேட்டில்தான் வைக்கிறார். பாபு தன் கடை வாசலில் 'பழைய வண்டிகள் பார்க்கப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறார். ஏகாம்பரம் சாரின் வண்டி பொழிச்சலூரில் அவர் வீட்டில் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. பம்மலில் இப்போதும் நிற்கிறது. மல்லிகா அக்காவுக்கு அங்கே டீ பிடித்துப்போய்விட்டது.